முன்னால் என்ன, பின்னால் என்ன: பழக்கங்களைப் புரிந்து மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

பின்னேரம் ஆனால் பரந்தன் பக்கத்து ஒழுங்கைகளுக்குள் பாண் ஓட்டோ வரும். தூரத்தில் அந்தப் பியானோ மெட்டுக் கேட்டதுமே விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அது பீத்தோவன் எழுதிய இசை என்று அவர்களுக்குத் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. மெட்டு என்றால் பணிஸ், அவ்வளவுதான். வாயில் எச்சில் ஊறும். ஒரு பிள்ளை அம்மாவிடம் ஓடிப்போய்ச் சிணுங்கும், காசு கிடைக்கும். நாளைக்கும் சிணுங்கும்.

இந்தச் சில நிமிடங்களுக்குள் உளவியல் சொல்கிற இரண்டு வகைக் கற்றலும் நடந்து முடிந்துவிட்டது. எச்சில் ஊறியது செவ்வியல் நிபந்தனைப்படுத்தல். சிணுங்கியது செயல்வழி நிபந்தனைப்படுத்தல். இரண்டையும் பரீட்சைக்குப் படித்து எழுதியவர்கள் வன்னியில் ஏராளம், குறிப்பாக ஆசிரியர்கள். வீட்டில் எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. நான் பார்த்த அளவில், வீட்டு வைத்தியம் பலிக்காமல் போவதற்கு முக்கிய காரணம் ஒன்றுதான்: ஒரு வகைக்குரிய மருந்தை மற்ற வகைக்குக் கொடுக்கிறோம். பயப்படுகிற பிள்ளைக்கு அடி விழுகிறது, அடம்பிடிக்கிற பிள்ளைக்கு ரொபி கிடைக்கிறது.

முதலில் இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்

ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் சமிபாட்டைப் பற்றி ஆராய்ந்தவர். 1904இல் நோபல் பரிசு கிடைத்ததும் அந்த ஆய்வுக்குத்தான். அவருடைய நாய்களுக்குச் சாப்பாடு வாயில் பட முன்னமே எச்சில் ஊறத் தொடங்கியது. சாப்பாட்டுக்குச் சற்று முன் மெட்ரோனோம் என்ற, ஒரே சீராகத் தட்டுகிற கருவியின் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தால், பிறகு அந்தச் சத்தத்துக்கே எச்சில் ஊறும் என்று காட்டினார். இங்கே நாய் எதையும் செய்து சாப்பாட்டைச் சம்பாதிக்கவில்லை. ஒன்று வந்தால் இன்னொன்று வரும் என்று உடம்பு கற்றுக்கொண்டது, அவ்வளவே.

அமெரிக்காவில் எட்வர்ட் தோர்ன்டைக் 1898இல் பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தார். பூனை பிராண்டும், கடிக்கும், முட்டும். தற்செயலாக ஒரு கயிறு இழுபட்டோ தாழ் அமுங்கியோ கதவு திறக்கும், வெளியே சாப்பாடு இருக்கும். திரும்பத் திரும்ப அடைக்க, வீண் வேலைகள் குறைந்து கதவைத் திறந்த செயல் மட்டும் விரைவாக வரத் தொடங்கியது. பி. எஃப். ஸ்கின்னர் 1930களில் எலிகளையும் பிறகு புறாக்களையும் வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார். செயலின் விளைவே அந்தச் செயல் மறுபடி வருமா இல்லையா என்று தீர்மானிக்கிறது.

சுருக்கமாக, முதல் வகையில் (செவ்வியல்) செயலுக்கு முன்னால் வருவதைப் பாருங்கள். இரண்டாவதில் (செயல்வழி) பின்னால் வருவதைப் பாருங்கள்.

படி 1: குணத்தை விட்டுச் செயலை எழுதுங்கள்

"சோம்பேறி", "பயந்தாங்கொள்ளி", "அடங்காதவன்" என்பதையெல்லாம் மாற்ற முடியாது, ஏனென்றால் அவற்றைக் கண்ணால் காண முடியாது. "பள்ளிக்கூடத்தால் வந்து பையைக் கதிரையில் எறிந்துவிட்டு விளக்கு வைக்கும்வரை போன் பார்க்கிறான்" என்று எழுதுங்கள். "ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறார்" என்று எழுதுங்கள். வீதியால் போகிற ஒருவர் பார்த்து "ஓம், நடந்தது" என்று சொல்லக்கூடிய மாதிரி இருந்தால் சரி.

படி 2: மூன்று பத்தி போடுங்கள்

ஒரு பழைய கொப்பியில் மூன்று பத்தி: முன், செயல், பின். ஒரு கிழமை எழுதினால் பெரும்பாலும் போதும். 'பின்' என்ற பத்தியில் அடுத்த சில விநாடிகளில் நடந்ததையே எழுதுங்கள். மாதக் கடைசியில் வரும் விளைவுக்குப் பழக்கத்தை உருவாக்கும் பலம் மிகக் குறைவு.

ஏ9 வீதியில் தலைக்கவசம் போடுகிற விதத்தை இப்படி எழுதிப் பாருங்கள். உள்வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடும்போது கவசம் இடது முழங்கையில் தொங்குகிறது. பிரதான வீதிச் சந்திக்குச் சற்று முன் வண்டி நிற்கிறது, கவசம் தலைக்குப் போகிறது. எதிரே வருகிறவர் லைட்டை ஒருக்கால் அடித்துக் காட்டினால் உள்வீதியிலும் உடனே போகிறது. முன்: பொலிஸ் நிற்கிறது என்ற சைகை. பின்: தண்டப்பணம் இல்லை. தொல்லை ஒன்று வராமல் தடுபடுவதால் ஒரு செயல் பலப்படுவதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள். இதைத் தண்டனையோடு போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம். தண்டனை ஒரு செயலைக் குறைக்கும். எதிர்மறை வலுவூட்டல் ஒரு செயலைக் கூட்டும்.

மண்டை உடையும் என்று எல்லோருக்கும் தெரியும்தானே, பிறகேன் உள்வீதியில் கழற்றுகிறார்கள்? கவசம் இல்லாமல் போன பெரும்பாலான பயணங்கள் ஒன்றும் ஆகாமல் முடிகின்றன. ஒவ்வொன்றும் "கழற்றினாலும் பரவாயில்லை, தலைக்குக் காத்துப் படுது" என்று கற்றுக்கொடுக்கிறது. விபத்து கற்றுக்கொடுக்க வரும் நேரம் பிந்திவிடும். அறிவுரை தோற்கிற இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் கணக்கு இருக்கும்.

படி 3: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கொப்பியை வைத்துக்கொண்டு சில கேள்விகள். நெஞ்சு படபடப்பது, வியர்ப்பது, குமட்டுவது போல உடம்பு தானாகச் செய்கிறதா? அப்படியென்றால் முதல் வகை. யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறதா? அம்மாவோடு கடைக்குப் போனால் விழுந்து புரளுகிற பிள்ளை அப்பாவோடு போனால் பேசாமல் வருகிறது என்றால் அது இரண்டாம் வகை. அப்பாவிடம் அந்தச் செயலுக்குப் பலன் கிடைத்ததில்லை.

இரண்டும் பின்னிக் கிடப்பதே அதிகம். சத்தத்துக்கு நெஞ்சு அடிப்பது முதல் வகை. உள்ளே ஓடிக் கதவைச் சாத்தியதும் வருகிற நிம்மதி அந்த ஓட்டத்தை வலுவூட்டுவது இரண்டாம் வகை. ஓடிப்போனபடியால், நின்றிருந்தாலும் ஒன்றும் நடந்திராது என்று அறிய வாய்ப்பே கிடைப்பதில்லை. பயம் வருடக்கணக்கில் தேயாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று 1940களில் மௌரர் என்ற உளவியலாளர் விளக்கினார்.

படி 4: பயம் என்றால், அடியும் வேண்டாம் கேலியும் வேண்டாம்

இதை வன்னியில் விளக்கப் பெரிய உதாரணம் தேடத் தேவையில்லை. யுத்த காலத்தில் ஆளில்லா வேவு விமானத்தைச் சனம் 'வண்டு' என்றது, அதன் ரீங்காரத்தால் வந்த பேர். வண்டு சுற்றினால் பிறகு கிபிர் என்ற குண்டுவீச்சு விமானம் வரலாம், கிபிர் வந்தால் குண்டு விழும். குண்டுக்குப் பயப்பட யாரும் கற்கத் தேவையில்லை. கிபிரின் இரைச்சல் குண்டோடு சேர்ந்து பயமானது. வண்டின் மெல்லிய ரீங்காரம் அந்த இரைச்சலோடு சேர்ந்து தானும் பயமானது. இப்படிப் படிப்படியாகப் பயம் பின்னோக்கி நகர்வதைப் பாவ்லோவும் தன் நாய்களில் கண்டிருக்கிறார். ரொபர்ட் ரெஸ்கோர்லா 1960களில் இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார்: இரண்டு விஷயம் சும்மா சேர்ந்து வந்தால் போதாது, முதலாவது இரண்டாவதை முன்னறிவிக்க வேண்டும். முன்னறிவிக்காத சத்தத்தை உடம்பு பெரிதாக எடுத்துக்கொள்ளாது. வண்டுச் சத்தம் முன்னறிவித்தது. அதைக் கற்றுக்கொண்ட உடம்பு மடத்தனமாக ஒன்றையும் செய்யவில்லை, உயிரைக் காக்கக் கற்றுக்கொண்டது. 2009க்குப் பிறகு வானம் மாறிவிட்டது. உடம்புக்கு அந்தச் செய்தி அவ்வளவு சுலபமாகப் போய்ச் சேராது.

பாவ்லோவின் ஆய்வுகூடத்திலேயே இதற்கு நெருக்கமான ஒன்று நடந்தது. 1924 செப்டெம்பரில் லெனின்கிராட்டில் பெருவெள்ளம். நாய்கள் கூடுகளில் அகப்பட்டு, தலை மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கிற நிலையில்தான் காப்பாற்றப்பட்டன. பிறகு பார்த்தால் சில நாய்கள் கற்றிருந்ததெல்லாம் குலைந்து போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிய பிறகும், கதவுக்குக் கீழால் சிறிது தண்ணீரைக் கசிய விட்டபோது அவற்றுள் ஒன்று பழையபடி கலங்கிப் போனது. நாயையே இப்படி ஆட்டுகிறது என்றால் மனிசருக்கு "இன்னும் பயமோ" என்று கேட்பதில் என்ன நியாயம்?

சரி, செய்யக்கூடியது என்ன? 1920இல் ஜோன் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு கைக்குழந்தைக்கு, வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் பின்னால் இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்து, எலிக்குப் பயப்படப் பழக்கினார்கள். அந்தப் பயத்தைப் போக்காமலே விட்டுவிட்டார்கள். இன்று அப்படி ஒரு ஆய்வுக்கு எந்த ஒழுக்கக் குழுவும் அனுமதி தராது. அதற்கு மறுதலையைச் செய்தவர் மேரி கவர் ஜோன்ஸ். 1924இல் அவர் எழுதியது, முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி. பிள்ளை விருப்பமான சாப்பாட்டைச் சாப்பிடும்போது முயல் கூட்டைத் தூரத்தில் வைத்தார்கள். பிள்ளை கலங்காத அளவில் சிறிது சிறிதாகக் கிட்டக் கொண்டுவந்தார்கள். முடிவில் பீட்டர் முயலைத் தடவினான்.

நாய் கடித்துப் பயந்த பிள்ளைக்கு நீங்களும் இதே வழியைப் பிடிக்கலாம். பக்கத்து வளவில் கட்டியிருக்கும் ஒரு சாதுவான குட்டியைத் தெரிவு செய்யுங்கள். வேலிக்கு இந்தப் பக்கம், பிள்ளை அமைதியாக இருக்கிற தூரத்தில், மாம்பழமோ ஐஸ்பழமோ சாப்பிடட்டும். மூச்சு வேகமாகாத வரைக்கும்தான் அந்தத் தூரம் சரி. அடுத்தடுத்த நாள்களில் இரண்டு எட்டுக் கிட்டப் போங்கள். பிள்ளை விறைத்துப்போனால் ஒரு எட்டுப் பின்னால் வாருங்கள், "ஒண்டும் செய்யாது, தொடு" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு நாயோடு பழகியது எல்லா நாய்க்கும் பொருந்தாது. வேறு நாய், வேறு இடம் என்று மாற்றியும் செய்யவேண்டும். சில காலம் கழித்துப் பயம் திடீரென்று எட்டிப் பார்க்கும். பழைய கற்றல் அழிவதில்லை, அதன் மேல் புதியது ஒன்று எழுதப்படுகிறது. அதனால் பின்வாங்கினால் எல்லாம் வீண் என்று நினைக்காமல் இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். இரண்டாம் முறை பொதுவாக விரைவாகவே போகும்.

யுத்தத்தால் வந்த பயத்தை மட்டும் இப்படி வீட்டில் கையாள வேண்டாம். கிபிர்ச் சத்தத்தைப் போனில் போட்டுக் காட்டிப் பழக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கனவில் அலறுவது, கோயில் திருவிழா வெடிக்கே ஒடுங்கிப்போவது, வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது எல்லாம் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டவேண்டியவை. தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

படி 5: அடம் என்றால், யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள்

புதுக்குடியிருப்புச் சந்தைப் பக்கம் ஒரு சில்லறைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு நாலு வயது. ரொபிப் போத்தல்கள் பிள்ளையின் கண் மட்டத்தில் வரிசையாக இருக்கின்றன.

"அம்மா, அது வேணும்."

"பேசாம வா."

அழுகை தொடங்குகிறது. அம்மா பருப்பும் சீனியும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அழுகை கூடுகிறது, பின்னால் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பிள்ளை நிலத்தில் இருக்கிறது.

"பாவம், பிள்ளை அழுகுது. குடுங்கோவன் அக்கா," என்கிறார் கடைக்காரர்.

போத்தல் மூடி திறபடுகிறது. அழுகை நிற்கிறது.

இங்கே மூன்று பேர் பாடம் படித்தார்கள். பிள்ளைக்கு ரொபி கிடைத்தது, அழுகை வலுவூட்டப்பட்டது. அம்மாவுக்குச் சத்தம் நின்றது, விட்டுக்கொடுத்தது வலுவூட்டப்பட்டது. கடைக்காரருக்கு வியாபாரம். அடுத்த தடவை மூவரும் தங்கள் பாடத்தை ஒப்புவிப்பார்கள். அம்மாவின் மனத்திடம் இதில் இரண்டாம் பட்சம்தான், அவரையும் அந்தச் சத்தம் பழக்கிக்கொண்டிருக்கிறது.

நிறுத்த முடிவு செய்தால் முழுதாக நிறுத்துங்கள். முதலில் அழுகை குறையாமல் கூடும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது எந்த உயிரும் ஒருக்கால் பலமாக முயன்று பார்க்கும். அந்த உச்சத்தில் "சரி, இண்டைக்கு மட்டும்" என்று கொடுத்தீர்களோ, உச்சத்துக்கு அழக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். நாலு தரம் மறுத்து ஐந்தாம் தரம் கொடுப்பது எப்போதும் கொடுப்பதை விட மோசம். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடைக்கிடை கிடைக்கிற பரிசு உருவாக்கும் பழக்கம் இலேசில் விடாது. 1957இல் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் இதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார்கள். லொத்தர் சீட்டு சுரண்டுவதும், போனைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போவதும் இந்தக் குடும்பம்தான். பத்து வீடியோவில் ஒன்று நன்றாக இருக்கும், அது எந்த ஒன்று என்று தெரியாது.

மறுப்பது மட்டும் போதாது, வேறு வழி ஒன்றையும் திறந்துவிடுங்கள். கடைக்குப் போக முன்னமே சொல்லுங்கள்: "கூடையைப் பிடிச்சுக்கொண்டு வந்தியெண்டால் கடைசியா ஒரு பிஸ்கட் நீயே எடுக்கலாம்." கூடையைப் பிடித்தால் சொன்னபடி கொடுங்கள், அழுத பிறகு அதையே லஞ்சமாக நீட்டாதீர்கள். கடைக்காரரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள். ஊர்க் கடை என்றால் அவரும் ஒத்துழைப்பார். வீட்டில் அம்மம்மா இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள். அவர் பின் விறாந்தையில் இரகசியமாக ரொபி கொடுத்து முழுத் திட்டமும் கவிழ்கிற வீடுகள் நிறைய.

படி 6: வேண்டிய பழக்கத்தைச் சின்னதாகத் தொடங்கி வளருங்கள்

சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிற பையனுக்கு "ஒன்பது ஏ எடுத்தால் மோட்டார் சைக்கிள்" என்பது வாக்குறுதியாக இருக்கலாம், வலுவூட்டல் ஆகாது. பலன் வருடம் தாண்டி இருக்கிறது, செயலோ இன்று பின்னேரம் நடக்கவேண்டும். முதல் கிழமை பத்து நிமிடம் கணிதம் செய்தால் போதும் என்று வையுங்கள், முடிந்த உடனே கரப்பந்து விளையாடப் போகட்டும். அதிகம் விரும்பிச் செய்யும் செயலைக் குறைவாகச் செய்யும் செயலுக்குப் பின்னால் வைத்தால், குறைவாகச் செய்த அந்தச் செயல் வளரும் என்று டேவிட் பிரிமாக் 1959இல் எழுதினார். நம் பாட்டிமார் "சாப்பிட்டிட்டு விளையாடப் போ" என்று சொன்னது அதுதான், விருது ஒன்றும் கிடைக்கவில்லை. பத்து பதினைந்தாகட்டும், பிறகு இருபத்தைந்து. பழக்கம் பிடிபட்ட பிறகு பாராட்டை ஒவ்வொரு தரமும் சொல்லாமல் இடையிட்டுச் சொல்லுங்கள். இந்த இடத்தில் இடைக்கிடைப் பரிசு உங்கள் பக்கம் வேலை செய்யும்.

மாட்டுப் பட்டி வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. தவிட்டு வாளி தட்டுப்படும் சத்தத்துக்குத் திரும்பி வரும் மாட்டை அவர்கள் கத்திக் கூப்பிடுவதில்லை.

படி 7: தண்டனையைக் கடைசிக்கு வையுங்கள், அதன் ஓட்டைகளைத் தெரிந்துகொண்டு

யானை வேலியைப் பாருங்கள். கம்பியைத் தொட்டால் அதிர்ச்சி, உடனடியாக, ஒவ்வொரு தரமும். வகுப்பறைப் பிரம்பால் இந்த ஒழுங்கை ஒருபோதும் எட்ட முடியாது. அப்படியிருந்தும் யானை என்ன கற்கிறது? கம்பியைத் தொடக்கூடாது என்று கற்கிறது. வயலுக்குள் போகக்கூடாது என்று கற்பதில்லை. மரத்தூணைக் காலால் சாய்த்தால் அதிர்ச்சி இல்லை, பட்ட மரத்தை வேலி மேல் தள்ளினால் வழி கிடைக்கிறது என்பதையும் கற்றுவிடுகிறது. மின்சாரம் இல்லாத ஒரு இரவைக் கண்டுபிடித்தால் அதுவும் நினைவில் நிற்கும். நெல் வாசம் அப்படியே இருக்கும்போது தண்டனை பாதையை மட்டும்தான் மாற்றுகிறது.

பொய் சொன்னதற்கு அடி வாங்கும் பிள்ளையும் அதைத்தான் செய்யும்: பிடிபடாமல் பொய் சொல்லக் கற்கும். அதோடு அடிக்கு ஒரு பக்க விளைவும் உண்டு. அடி, வலி, பயம் எல்லாம் அடிக்கிறவரின் முகத்தோடும் அந்தப் பாடத்தோடும் முதல் வகையில் ஒட்டிக்கொள்ளும். கணித வாத்தியார் மாறிப் போன பிறகும் கணிதக் கொப்பியைக் கண்டால் வயிற்றைப் பிசைவது அதனால்தான். கட்டாயம் ஏதாவது செய்யவேண்டும் என்றால், செயல் நடந்த உடனே, சின்னதாக, தவறாமல், விருப்பமான ஒன்றைச் சிறிது நேரம் விலக்குங்கள். போனைப் பத்து நிமிடம் எடுத்து வைப்பது ஒரு மாதம் பறிப்பதை விட நன்றாக வேலை செய்யும். பத்து நிமிடம் கழித்து மறுபடி கற்கச் சந்தர்ப்பம் இருக்கிறதே.

இவற்றோடு குழப்பக்கூடாதவை

வயலில் வெருளி கட்டினால் சில நாள் குருவி வராது, பிறகு அதன் தலையிலேயே வந்து இருக்கும். யானை வெடியும் நாளடைவில் அப்படித்தான். ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வந்தும் அதன் பின்னால் எதுவும் நடக்காதபோது அதற்கான துலங்கல் மங்கிப்போவதைப் பழகிப்போதல் என்பார்கள். இது மேலே சொன்ன இரண்டிலும் சேராது. இதற்கு மருந்து, வெருளியை இடம் மாற்றுவதும் உடுப்பு மாற்றுவதும்.

இன்னொன்று, சாப்பாட்டு வெறுப்பு. சத்தமும் அதிர்ச்சியும் விநாடிக் கணக்கில் அடுத்தடுத்து வந்தால்தான் ஒட்டும். சாப்பாடும் சத்தியும் மணிக்கணக்கு இடைவெளி இருந்தாலும், ஒரே தரத்திலும் ஒட்டும் என்று ஜோன் கார்சியாவின் ஆய்வுகள் காட்டின. மலேரியாக் காலத்தில் வாழைப்பழத்துக்குள் கசப்புக் குளிசையை வைத்து விழுங்கி, பிறகு சத்தியெடுத்த ஒருவருக்கு இன்றைக்கும் வாழைப்பழ மணம் ஆகாமல் இருக்கலாம். குளிசைதான் காரணம் என்று அவருக்கே தெரியும், வயிறு கேட்பதில்லை. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழ் தந்துவிட்டது, அந்த வெறுப்பு மட்டும் போகவில்லை. அப்படிப்பட்டவரிடம் "நல்ல கதலி, ஒண்டு சாப்பிடுங்கோ" என்று மூன்றாம் தரமும் வற்புறுத்தாதீர்கள். தேத்தண்ணியோடு வேறு ஏதாவது கொடுங்கள்.